உப்புத்தண்ணி பாட்டில் கூப்பிட்டது யார்

“அந்தப் பாட்டுக்கு நடுவில் அலறுகிற பெண் யார்?”

போன மழைக்காலத்தில், மாமல்லபுரத்தில் என் பெரியம்மா வீட்டு வாசலில் நின்று ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். எந்தப் பாட்டு என்றே எனக்குத் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, ‘அடுத்து என்ன?’ என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கே பதில் இல்லாமல் திரிந்துகொண்டிருந்த நேரம். இன்னொரு கேள்வி கூடியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி, உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

வந்தவர் பெயர் காசிநாதன். படாளத்துக்காரர். அவருடைய அப்பா இன்னும் அங்கே கரும்பு போடுகிறார். இவர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாட்களில் பழைய ராக் இசையை ஆராய்கிறார். ஆராய்வது என்றால், கேமராவைப் பார்த்து வெகுநேரம் பேசி அதை இணையத்தில் ஏற்றுவது. அவர் சொல்லித்தான் என் பெரியப்பா ஹயாத் பாஷா ஒரு மாபெரும் இசைக்குழுவின் டிரம்மர் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அவர் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர், ஒரு பக்கக் காது கேட்காதவர் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழுவின் பெயர் லைட் ஹவுஸ் பாய்ஸ். எண்பத்தாறாம் வருடம் ஆரம்பித்தது. மொத்தம் நான்கு பேர். முக்கியமானவர் ஜெரோம். மீனவர் குப்பத்துப் பையன், சுற்றுலாப் பயணிகள் தங்கும் லாட்ஜில் ரூம் பாயாக இருந்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் கிதாரை விட்டுவிட்டுப் போனதால் இவர் கலைஞரானார். பெரியப்பா குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் தாள ஞானம் இல்லை. அவருடைய அப்பாவிடம் மைக் செட் இருந்தது. மற்ற இருவரில் ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார், இன்னொருவர் இப்போது இல்லை.

அவர்கள் முதலில் பதிவுசெய்தது ஒரே ஒரு கேசட். நான்கு பாட்டு. பிறகு சென்னைக்குப் போய், நல்ல ஸ்டூடியோவில், நல்ல கருவிகளை வைத்து இரண்டு கேசட் போட்டார்கள். அவற்றை இன்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் தெளிவாக இருக்கிறதாம். முதல் கேசட்டை ஒரு பயணி பையில் போட்டுக்கொண்டு போய், பல வருடம் கழித்து இணையத்தில் ஏற்றினார். வெளிநாட்டுக்காரர்கள் வியந்தார்கள். அவர்கள் வியந்ததைப் பார்த்துச் சென்னைக்காரர்கள் வியந்தார்கள். நம் ஊர்ச் சாமான் ஒன்றை நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அது ஒருமுறை விமானம் ஏறிப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

அந்த நான்கில் பெரும்புகழ் பெற்றது ‘உப்புத்தண்ணி’ என்ற பாட்டு. காசிநாதன் அதை மனித வாழ்வின் தீராத தாகம் என்று விளக்கினார். லாட்ஜ் போர்வெல்லில் உப்புத்தண்ணி வந்ததால் ஜெரோம் தெருக்குழாயிலிருந்து மாடிக்கு பக்கெட் சுமந்தார் என்று பெரியப்பா விளக்கினார். அந்தப் பதிவில் எதிரொலியே இல்லாத ஒரு வறண்ட சத்தம் கேட்கும். அதைப் பற்றி மட்டும் ஒரு தனி வீடியோ இருக்கிறது. பதிவு நடந்த இடம் எங்கள் மைக் செட் குடோன். சுற்றிலும் கல்யாணப் பந்தல் துணி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. எதிரொலி எங்கே போய் மோதும்?

பாட்டின் நடுவில்தான் அந்த அதிசயம். டிரம் உச்சத்துக்குப் போகிறது. திடீரென்று தூரத்தில் ஒரு பெண் குரல், ‘ஏ…’ என்று நீளமாக எழுகிறது. படக்கென்று எல்லாம் நிற்கிறது. மறுபடி பாட்டு ஆரம்பிக்கும்போது வேகம் குறைந்திருக்கிறது, வேறு யாரோ வாசிப்பதுபோல. இன்றைக்கு பெங்களூரில் வாசிக்கிற பையன்கள்கூடப் பாட்டை நடுவில் நிறுத்தி, ஒரு பெண்ணை அலறவிட்டு, பிறகு மெதுவாக வாசிக்கிறார்கள். கூட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. முதல் பாதி நகரம், இரண்டாம் பாதி கடல், அலறல் இரண்டுக்கும் நடுவே செத்துப்போன காதல் என்றார் காசிநாதன். சொல்லிவிட்டுப் போனில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார்.

டீ கொண்டுவந்த பெரியம்மா, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டார்.

“இது நான்தான்,” என்றார்.

காசிநாதன் மரியாதையாகச் சிரித்தார். “இல்ல ஆன்ட்டி, இது ஒரு பிரெஞ்சு லேடி. ஜெரோம் சாரே இன்டர்வியூல சொல்லியிருக்காரு. அவரை அவங்க லவ் பண்ணாங்களாம்.”

“ஜெரோமண்ணனுக்கு பிரெஞ்சு லேடிய இன்னா தெரியும்? அவங்க ரூம்ல பக்கெட் வெச்சதுதான் தெரியும்.”

பெரியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது அவருடைய கதை. குழுவின் கதையைக் காசிநாதன் ஏற்கெனவே பலமுறை சொல்லிவிட்டார்.

பெரியம்மா பெயர் ஷரீபுன்னிசா. பிறந்தது அச்சரப்பாக்கம், மளிகைக் கடைக்காரர் மகள். எண்பத்தாறில் கல்யாணமாகி மாமல்லபுரம் வந்தார். இன்று ஹயாத் சவுண்ட் சர்வீஸ் என்பது பலகையில் மட்டும்தான் பெரியப்பா. புக்கிங் எடுப்பது, எந்தப் பையன் எந்தப் பந்தலுக்குப் போக வேண்டும் என்று சொல்வது எல்லாம் பெரியம்மா. இரவு பத்து மணிக்கு மேல் எங்காவது ஸ்பீக்கர் அலறினால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பெரியம்மாவுக்குத்தான் போன் வரும். அவர் ஆபரேட்டருக்குப் போன் போட்டு ஒரே வார்த்தை சொல்வார்: “நிறுத்து.” திருக்கழுக்குன்றம் வரைக்கும் அந்த வார்த்தைக்கு ஸ்பீக்கர்கள் கட்டுப்படும். வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. நாள் பூரா சத்தத்தை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டிலும் சத்தமா என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர்தான், அவர்கள் சொல்கிற இசை வரலாற்றின் மகத்தான அலறலுக்குச் சொந்தக்காரர்.

நடந்தது இதுதான். அந்த வருடம் நோன்பு கோடையில் வந்தது. பெரியம்மா புதுப்பெண். அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. குடோனில் ஆண்கள் இருக்கும்போது பெண்கள் குரல் கொடுத்துக் கூப்பிடக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஒரு சின்னப் பிள்ளையை அனுப்ப வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெரியம்மாவின் குரலை மாமனார் கேட்டதே இல்லையாம். அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் தொழுகைக்கான பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறக்கும் நேரம். விடிவதற்கு முன்னால் சாப்பிட்ட மனிதர், தண்ணீர்கூடக் குடிக்காமல் குடோனுக்குள் டிரம்மை அடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு பாங்கு எப்படிக் கேட்கும்? அனுப்பலாம் என்றால் பிள்ளைகள் எல்லாம் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். பெரியம்மா சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தார். பிறகு முற்றத்தில் இறங்கி, பாட்டையும் தாண்டிக் கேட்கிற மாதிரி, “ஏங்க” என்று கூப்பிட்டார்.

முதல் எழுத்து காதில் விழுந்ததுமே பெரியப்பா பக்கத்தில் இருந்த டேப்பின் பட்டனை அமுக்கிவிட்டார். ‘ஏ’ பதிவானது. ‘ங்க’ பதிவாகவில்லை. நால்வரும் வந்து நோன்புக் கஞ்சி குடித்தார்கள், சமோசா தின்றார்கள், மறுபடி கஞ்சி குடித்தார்கள். ஜெரோம் நோன்பு வைக்கவில்லை, ஆனால் திறப்பதில் முன்னால் நின்றார். அதன்பிறகு குடோனுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்தவன், வயிறு நிறையக் கஞ்சி குடித்துவிட்டு எந்த வேகத்தில் டிரம் அடிப்பானோ அந்த வேகத்தில் பெரியப்பா அடித்தார். அதுதான் இரண்டாம் பாதி. அதுதான் கடல்.

மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாமனார் மட்டும் அன்றைக்கே சொன்னாராம், இனிமேல் பாங்கு சொன்னதும் நீயே கூப்பிடு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடு என்று. அதிலிருந்துதான் பெரியம்மாவின் குரல் அந்த வீட்டில் செல்லுபடியானது. சாவி வந்தது, புக்கிங் வந்தது, போன் வந்தது. அவர் அந்த வீட்டில் போட்ட முதல் சத்தம் அது. அதைத் தூக்கி பிரான்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காசிநாதன் இன்னொரு செய்தியும் கொண்டுவந்திருந்தார். கேசட்டின் நாற்பதாம் வருடத்துக்குக் கடற்கரை விடுதி ஒன்றில் பெரிய விழா. பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து புதிய ஆல்பமும் வெளியிடுகிறார்கள். விழாவில் ‘பெயர் தெரியாத அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு’ அஞ்சலி. பெரியம்மா வேண்டியது ஒன்றுதான். அதற்கு முன்னால் ஜெரோம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆல்பத்தில் தன் பெயர் வர வேண்டும்.

பெரியப்பா விட்டுவிடச் சொன்னார். ஜெரோம் இப்போது ஈசிஆர் உணவகங்களில் சாயங்காலம் கிதார் வாசிக்கிறார், பிரெஞ்சுக்காரி கதை இருப்பதால்தான் கூப்பிடுகிறார்கள், அவன் பிழைப்பில் ஏன் கைவைப்பது என்றார். உங்கள் சிநேகிதருக்கு வெள்ளைக்காரி வேண்டுமென்றால் வேறு பாட்டில் தேடிக்கொள்ளட்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனார்.

ஜெரோம் வலைக் கூடத்துக்குப் பக்கத்தில் கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொண்டார். வெளிநாட்டு நிருபர் ஒருவர் அந்தக் குரல் யார் என்று கேட்டபோது ‘ஒரு பொம்பள’ என்றுதான் சொன்னாராம். எந்த நாடு என்று நிருபரே அடுத்துக் கேட்டாராம். அப்போது லாட்ஜில் நிறைய பிரெஞ்சுக்காரர்கள் தங்கியதால் அது வாயில் வந்துவிட்டது.

“கூட்டாளி பொண்டாட்டி கஞ்சி குடிக்கக் கூப்ட்டான்னு சொன்னா எவன், தங்கச்சி, கேப்பான்?” என்றார் ஜெரோம். “பிரெஞ்சுக்காரி அழுவுறான்னு சொன்னாத்தான் கேக்குறான். நான் இன்னா பண்றது?”

“நான் அழுவலண்ணா. கூப்ட்டேன்.”

ஜெரோம் கிதாரைத் துடைப்பதை நிறுத்தவில்லை. விழாவுக்கு டி-ஷர்ட்டே அடித்தாகிவிட்டது என்று மட்டும் முணுமுணுத்தார். உண்மைதான். தொப்பி வைத்து, முடி காற்றில் பறக்க, கடலைப் பார்த்து வாய் திறந்து நிற்கிற ஒரு வெள்ளைக்காரியின் படம். டி-ஷர்ட் அடித்த பிறகு வரலாற்றைத் திருத்துவது யாராலும் ஆகாது.

விழா மார்ச் மாதம் வைத்தார்கள். அது நோன்பு மாதம். காசிநாதனுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள ஆராய்ச்சியில் இடமும் இல்லை. கேமராவில் வெளிச்சம் பொன்னாக விழ வேண்டும் என்பதற்காக ‘உப்புத்தண்ணி’யைச் சரியாகச் சூரியன் மறையும் நேரத்துக்கு வைத்தார். பாங்கும் அதே நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது, அவருக்கு முன்னாலிருந்தே. பாங்கு சொன்னதும் நிறுத்த வேண்டும் என்று பெரியம்மா சொன்னதற்கு, “ஒரு பத்து நிமிஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் ஆன்ட்டி” என்றார். பெரியப்பாவும் தலையாட்டினார். நாற்பது வருடம் கழித்து மேடையில் டிரம் அடிக்கப்போகிற சந்தோஷம் அவருக்கு.

மைக் செட் எங்களுடையதுதான். பெரியப்பா மேடையில் இருந்ததால், புல்வெளியின் பின்பக்கம் மிக்ஸரில் பெரியம்மாவும் நானும் உட்கார்ந்தோம். காலடியில் தூக்கில் கஞ்சி, டப்பாவில் பேரீச்சம்பழமும் சமோசாவும். கூட்டம் நிறைய. பாதிப்பேர் மார்பில் அந்த வெள்ளைக்காரி வாய் திறந்து நின்றாள். மேடை ஓரத்தில் காயத்ரி என்ற நாடகக் கல்லூரிப் பெண் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அலற வேண்டியது அவள். அந்த ஒரு சத்தத்தைப் பல மாதமாகப் பயிற்சி செய்தாளாம்.

பாட்டு ஆரம்பித்தது. ஜெரோம் பாடினார், கூட வாசித்தவர்கள் சென்னைப் பையன்கள். வயதானாலும் பெரியப்பா அடித்த அடி நன்றாகவே இருந்தது, இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சூரியன் மறைந்தது. ஊருக்குள் பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. மேடையில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பின்னால் இருந்த எங்களுக்குக் கேட்டது. பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். உதடு காய்ந்து, சட்டை நனைந்து, கண்ணைப் பாதி மூடி அடித்துக்கொண்டிருந்தார். காயத்ரி மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

மிக்ஸர் பக்கத்தில் ‘மைக் டெஸ்டிங்’ சொல்வதற்கு ஒரு மைக் எப்போதும் இருக்கும். பெரியம்மா அதை எடுத்தார்.

“ஏ…ங்க. பாங்கு சொல்லிட்டாங்க. நிறுத்துங்க.”

எல்லா ஸ்பீக்கரிலும் அது போனது. பெரியப்பாவின் குச்சிகள் காற்றில் நின்றன. நாற்பது வருடமாக அந்தக் குரலுக்குப் பழகிய கை, மூளையிடம் கேட்கவில்லை. ஜெரோம் கையும் கிதார் கம்பியில் அப்படியே நின்றது. அவர் வானத்தைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் இறங்கிக் கூட்டத்துக்கு நடுவே எங்களிடம் நடந்து வந்தார். பெரியப்பா பின்னாலேயே வந்தார்.

“கஞ்சி கீதா, தங்கச்சி?” என்றார் ஜெரோம்.

இருவரும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றார்கள், நிதானமாகக் கஞ்சி குடித்தார்கள். அங்கே புல்வெளியில் கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. யாரும் போகவில்லை. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள், ஒருவர் அழுதார். சென்னைப் பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மேடையில் தலையைக் குனிந்து நிற்க, அதுவும் தியானம்போலத்தான் இருந்தது. இரண்டு கிழவர்கள் சமோசாவுக்குச் சட்னி இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ராக் இசையில் இதுவரை யாரும் துணியாத மௌனம் என்று மறுநாள் எழுதினார்கள்.

காயத்ரி மட்டும் மேடையிலிருந்து இறங்கி, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பெரியம்மாவின் முன்னால் நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

“அது நீங்கதானேம்மா?” என்றாள். “அந்தத் தொடக்கம் எனக்கு ஒரு தடவைகூட வரல. நான் அழுகையா எடுத்தேன். அது அழுகையே இல்ல.”

பெரியம்மா அவளுக்கும் ஒரு டம்ளர் கஞ்சி ஊற்றினார்.

ஜெரோம் வாயைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். மைக்கைப் பிடித்துச் சொன்னது முழுக்க எனக்கு நினைவிருக்கிறது. “அன்னிக்கும் இவங்கதான் கூப்ட்டாங்க. ஹயாத் பாஷா சம்சாரம், ஷரீபுன்னிசா. பிரெஞ்சுக்காரி யாரும் கிடையாது. நான் வுட்ட கதை அது. மன்னிச்சிக்கோ தங்கச்சி.”

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வைதான் என்றார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கூட்டம் சிரித்தது, பிறகு நெடுநேரம் கைதட்டியது. எவ்வளவு பெரிய மனது, உள்ளூர் அம்மாவை எப்படி கௌரவித்தார் பார் என்று எனக்கு முன்னால் ஒருவர் சொன்னார். பொய்யை அவர்கள் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது, கேட்க அழகாக இருந்தது. உண்மையை நம்பாததற்கும் அதேதான் காரணம். பிறகு இருவரும் பாட்டின் இரண்டாம் பாதியை மெதுவாக, மிக மெதுவாக வாசித்தார்கள். கஞ்சி இந்தமுறை கொஞ்சம் கெட்டி.

முடிந்ததும் காசிநாதன் ஓடிவந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிரமாதம் என்றார், அப்படியே அந்தக் குரல் என்றார். பிறகு ஆராய்ச்சியாளர் ஆயிற்றே, சும்மா போக முடியுமா?

“ஆனா ஒரே ஒரு சின்ன விஷயம் ஆன்ட்டி. ஒரிஜினல்ல ‘ங்க’ கிடையாது.”

நானும் காயத்ரியும் அவரை உட்காரவைத்து, பட்டன் அமுக்கிய கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னோம். தலையாட்டிக் கேட்டார், ரொம்ப அழகான கதை என்றார். பெரியப்பா டேப் பட்டனை அமுக்கிய விரலையே நீட்டிக் காட்டினார். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆல்பம் போன மாதம் வெளிவந்தது. அட்டையில் தொப்பிக்காரி. உள்ளே அச்சிட்டிருப்பது இது: ‘குரல்: பெயர் தெரியாத வெளிநாட்டுப் பெண். விழா மேடையில் அக்குரலைப் போலச் செய்தவர்: திருமதி ஷரீபுன்னிசா.’ தன்னுடைய குரலைத் தானே போலச் செய்த பெருமை உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பெரியம்மா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“ஜெரோமண்ணன் சொல்லிட்டாரு, அது போதும்,” என்றார். அட்டையைத் திருப்பி அந்தத் தொப்பிக்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆனா ‘ங்க’ இல்லாம எவ தன் புருஷனக் கூப்டுவா? அதக்கூட யோசிக்க மாட்டாங்களா?”

போன் அடித்தது. ஏதோ பந்தலில் நேரம் தாண்டியும் ஸ்பீக்கர் ஓடுகிறதாம். “நிறுத்து” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. காசிநாதனின் வீடியோவுக்கு இருக்கிற கூட்டம் எனக்கு இல்லை, டி-ஷர்ட்டும் இல்லை. அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். உங்கள் ஹாஸ்டலிலோ பஸ்ஸிலோ யாராவது அந்தப் பாட்டைப் போட்டு, நடுவில் அந்தக் குரல் வரும்போது கண்ணை மூடினால், அவரைத் தட்டிச் சொல்லுங்கள். கூப்பிட்டவர் பெயர் ஷரீபுன்னிசா. ஊர் அச்சரப்பாக்கம். அழவில்லை, நோன்பு திறக்கப் புருஷனைக் கூப்பிட்டார். சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் கேட்டவரை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள், ‘ங்க’வோடு சேர்த்து.